கேர்னலை நாங்கள் மாற்றினால் விற்றவர் எதுவரை பொறுப்பு?

கேள்வியை முதலில் சுருக்கமாகத் தருகிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தின் சேர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வருடச் சந்தா கட்டி, ஆதரவு ஒப்பந்தத்தோடு எடுத்த லினக்ஸ் அது. பாஸ் புத்தகம் அடிக்கும் பழைய பிரிண்டர்கள் நான்கும் ஒரு சீரியல் கார்ட்டில் தொங்குகின்றன. புதிய பதிப்புக்கு மாறியதும் அந்தக் கார்ட் வேலை செய்யவில்லை. வன்பொருளோடு பேசும் லினக்ஸின் மையப்பகுதிதான் கேர்னல். இவர் அதன் மூலநிரலை இறக்கி, இணையத்தில் கிடைத்த ஒரு பட்சை, அதாவது சின்னத் திருத்தத்தைப் போட்டு, தானே கம்பைல் செய்து, அதாவது இயந்திரம் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றி, ஏற்றிவிட்டார். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. இப்போது இரவில் சேர்வர் உறைந்துபோகிறது. போன கிழமை அப்படி நின்றபோது லெட்ஜர் கோப்பு ஒன்று பழுதாகிவிட்டது. கொம்பனிக்கு எழுதினால், "நீங்கள் கேர்னலை மாற்றியிருக்கிறீர்கள், உதவ முடியாது" என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். "மாற்றும் உரிமையைத் தருவதுதானே லினக்ஸ்? பிறகு எப்படி மறுக்கலாம்? நட்டத்துக்கு யார் பொறுப்பு?" என்று கேட்கிறார்.

தம்பி, நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கம்பைல் செய்த கேர்னலில் வந்த பழுதை ஆராயமாட்டோம் என்று அவர்கள் சொன்னது சரி. அந்தச் சேர்வருக்கே இனி உதவி இல்லை என்ற பொருளில் டிக்கெட்டை மூடியிருந்தால் அது பிழை. அதைத் திரும்பத் திறக்கவைக்கலாம், எப்படி என்று கீழே சொல்கிறேன். லெட்ஜர் நட்டத்தை அவர்களிடம் வாங்கலாம் என்று மட்டும் நம்பியிருக்க வேண்டாம். கேர்னலில் நீங்கள் கை வைக்காமல் இருந்திருந்தாலும் அந்தக் காசு கிடைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

உங்கள் கையில் இரண்டு வேறு தாள்கள் இருக்கின்றன. ஒன்று லைசென்ஸ், மற்றது ஆதரவு ஒப்பந்தம். லினக்ஸ் கேர்னல் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் லைசென்ஸின் இரண்டாம் பதிப்பின் கீழ் வருகிறது. 1991 இல் எழுதப்பட்ட அந்த லைசென்ஸ் மாற்றவும் பிரதி எடுக்கவும் பிறருக்குக் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை தருகிறது. அதே லைசென்ஸின் 11 ஆம், 12 ஆம் பிரிவுகளையும் ஒருமுறை வாசியுங்கள். இதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, பழுது வந்தால் திருத்தும் செலவு முழுவதும் உங்களுடையது, எழுதியவர்களும் விநியோகித்தவர்களும் நட்டத்துக்குப் பொறுப்பில்லை என்று அங்கே இருக்கிறது. முதலாம் பிரிவிலேயே இன்னொரு வரி உண்டு: விரும்பினால் காசு வாங்கிக்கொண்டு உத்தரவாதம் கொடுக்கலாம். நீங்கள் சந்தா கட்டும் கொம்பனி விற்பது அந்த ஒரு வரியைத்தான். மாற்றும் உரிமை எல்லோருக்கும் இலவசம். மாற்றியதைத் தாங்கிப் பிடிக்கும் கடமை யாருக்கும் இலவசமாகச் சுமத்தப்படவில்லை.

2007 இல் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு இதை வெளிப்படையாகவே எழுதிவைத்தது. வாங்கியவர் தன் கருவியில் மாற்றிய மென்பொருளை ஏற்ற வழி கொடுக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்திய அதே பிரிவு, மாற்றியதற்கு ஆதரவும் உத்தரவாதமும் புதுப்பிப்பும் தொடர்ந்து கொடுக்கவேண்டும் என்று கேட்கவில்லை என்றும் சொல்கிறது. கேர்னல் இந்தப் பதிப்பின் கீழ் இல்லை. ஆனாலும் மென்பொருள் சுதந்திரத்துக்காக ஆகக் கடுமையாக வாதாடியவர்கள்கூட இந்த இரண்டையும் பிரித்தே பார்த்தார்கள் என்பது நாங்கள் கவனிக்கவேண்டியது.

அடுத்தது, "நான் மாற்றியது இருபது வரிதானே" என்ற எண்ணம். இந்த இடத்தில்தான் எங்கள் பெடியள் நிறையப் பேர் கொம்பனியோடு கோபித்துக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் காசு கட்டியது மூலநிரலுக்கு அல்ல. குறிப்பிட்ட ஒரு கம்பைலரால், குறிப்பிட்ட அமைப்புகளோடு கட்டப்பட்டு, கையெழுத்திடப்பட்டு, பல இயந்திரங்களில் சோதிக்கப்பட்ட ஒரு பைனரிக்கு, அதாவது கம்பைல் செய்து முடித்த நிரலுக்கு. ரெட் ஹட் கொம்பனி விற்கும் ரெட் ஹட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8 ஐ எடுங்கள். அதன் கேர்னல் 4.18 என்று பெயர் சொல்லும். ஆனால் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட 4.18 அல்ல அது. பின்னால் வந்த பதிப்புகளிலிருந்து எடுத்த ஏராளமான திருத்தங்கள் அதற்குள் பின்னப்பட்டிருக்கின்றன. 9 இல் 5.14 என்று இருப்பதும் இப்படித்தான். மூலத் திட்டத்தின் 4.18 க்கு எழுதப்பட்ட பட்ச், இந்த 4.18 இல் பிழையில்லாமல் கம்பைல் ஆகலாம். ஓடவும் செய்யலாம். ஆனால் பட்சை எழுதியவர் நினைத்திருந்த லொக்கிங் ஒழுங்கு, அதாவது ஒரே தரவை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடாமல் பூட்டும் ஒழுங்கு, இங்கே வேறாக இருக்கலாம். இரண்டு மாதம் நன்றாக ஓடிப் பிறகு இரவில் உறையும் சேர்வர் என்றதும் எனக்கு முதலில் தோன்றிய சந்தேகம் அதுதான்.

இதைவிட உறுதியான காரணம் ஒன்றும் உண்டு. கேர்னல் விழுந்தால், விழுந்த கணத்தில் நினைவகத்தில் இருந்ததைக் கோப்பாகச் சேமிக்கும் கே-டம்ப் என்ற வசதி இருக்கிறது. அந்தக் கோப்பை ஆதரவுப் பொறியியலாளர் திறந்து பார்க்கவேண்டுமானால், ஓடிய கேர்னலோடு அச்சொட்டாகப் பொருந்தும் டீபக் தகவல், அதாவது நினைவக முகவரிகளை மூலநிரலின் வரிகளோடு பொருத்தும் தகவல், அவரிடம் இருக்கவேண்டும். அவர்கள் கட்டிய ஒவ்வொரு கேர்னலுக்கும் அந்தத் தகவலைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் கட்டியதற்கு அவர்களிடம் இல்லை. ஒரு வரியும் மாற்றாமல் வெறுமனே திரும்பக் கம்பைல் செய்திருந்தாலும் முகவரிகள் இடம் மாறியிருக்கலாம். ஆகவே "பார்க்கமாட்டோம்" என்று அவர்கள் சொல்வதில் ஒரு பகுதி, பார்க்க அவர்களிடம் கருவி இல்லை என்பதுதான்.

ஆனால் "கேர்னலை மாற்றுவது" என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டுவிடக் கூடாது. கொம்பனிகளின் முதல்வரிசை ஆதரவுக்காரர்கள் சில வேளை அப்படிச் செய்கிறார்கள், நாங்களும் பேசாமல் ஏற்றுக்கொள்கிறோம். சிஸ்கன்ட்ரோல் என்ற அமைப்புக் கட்டளை மூலம் ஒரு மதிப்பை மாற்றுவதும், இயந்திரம் தொடங்கும்போது கேர்னலுக்குக் கொடுக்கும் பூட் வரியில் ஒரு அளவுருவைச் சேர்ப்பதும் மாற்றம் அல்ல. அவை கேர்னலோடு வந்த திருகுகள், திருகுவதற்கென்றே வைக்கப்பட்டவை. மூன்றாம் தரப்பு மொடியூலை, அதாவது ஓடும் கேர்னலோடு சேர்த்துக்கொள்ளும் துண்டு நிரலை, ஏற்றுவது அடுத்த படி. ரெட் ஹட் ஒரு பெரும்பதிப்பின் ஆயுள் முழுக்க மாற்றமாட்டோம் என்று உறுதி தரும் குறியீடுகளின், அதாவது மொடியூல்கள் கூப்பிடும் கேர்னல் செயல்களின் பெயர்களின், பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அதற்குள் நின்று எழுதிய மொடியூல் சின்னச் சின்னப் புதுப்பிப்புகளில் உடையாது. சுசே என்ற இன்னொரு லினக்ஸ் கொம்பனி ஒவ்வொரு மொடியூலிலும் ஆதரவு உண்டா இல்லையா என்ற குறிப்பைப் பதித்து வைத்திருக்கிறது. குறிப்பு இல்லாததை அவர்களுடைய சேர்வர் பதிப்பு இயல்பாக ஏற்றாது, நீங்களே போய் அனுமதிக்கவேண்டும். இந்தப் படியில் நிற்கும் வாடிக்கையாளருக்குப் பெரிய கொம்பனிகள் பொதுவாகக் கதவை மூடுவதில்லை. "அந்த மொடியூலைக் கழற்றிவிட்டு அதே பழுதைக் காட்டுங்கள், அதற்குப் பிறகு பார்ப்போம்" என்பார்கள். வேறு பதிப்புக்குக் கட்டிய மொடியூலை வற்புறுத்தி ஏற்றுவது இதைவிட மோசம். நீங்கள் நிற்பது கடைசிப் படியில். கேர்னலையே திரும்பக் கட்டியிருக்கிறீர்கள்.

இந்தப் படிகளைக் கேர்னல் தானே குறித்துக்கொள்கிறது. ப்ரொக் என்ற கோப்புறைக்குள் சிஸ், கேர்னல், டெய்ன்டட் (கறைபட்டது என்று பொருள்) என்று இறங்கிப் பாருங்கள், ஒரு எண் இருக்கும். சுழியம் என்றால் கறை இல்லை. தனியுரிமை மொடியூல் ஏற்றினால் 1 சேரும், வற்புறுத்தி ஏற்றினால் 2, கேர்னலின் மூலநிரல் மரத்துக்கு வெளியே கட்டிய மொடியூலுக்கு 4096, கையெழுத்தில்லாததற்கு 8192. என்விடியா கொம்பனியின் மூடிய ட்ரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) போட்ட இயந்திரங்களில் அடிக்கடி காணும் 12289 என்ற எண், 1 உம் 4096 உம் 8192 உம் கூடியது. ஆனால் எல்லாக் கறையும் உங்கள் கையால் பட்டது அல்ல என்பதைத் தெரிந்துவைத்திருங்கள். 16 என்பது செயலி தானே வன்பொருள் பிழையை அறிவித்ததால் விழுவது. 128 கேர்னல் ஏற்கனவே ஒருமுறை தடுக்கி விழுந்ததைச் சொல்வது. "உங்கள் கேர்னலில் கறை இருக்கிறது" என்று யாராவது பதில் எழுதினால், எந்தக் கறை என்று எண்ணைப் பிரித்துக் கேளுங்கள். 16 இருந்தால் பழுது மெமரியிலோ செயலியிலோ இருக்கலாம். அது உங்கள் பட்சுக்கு எதிரான சாட்சி அல்ல, உங்களுக்குச் சாதகமானது.

இன்னொன்று. நீங்கள் பட்சைக் கேர்னல் மரத்துக்குள்ளேயே போட்டு முழுதாகக் கட்டியிருந்தால் அந்த எண் சுழியமாகவே நிற்கலாம். வெளியிலிருந்து எதுவும் ஏற்றப்படவில்லையே. அதைக் காட்டி "என் கேர்னல் சுத்தம்" என்று எழுதவேண்டாம். யார், எந்த இயந்திரத்தில், எந்தக் கம்பைலரால் கட்டினார்கள் என்பது கேர்னலின் பதிப்பு வரியிலேயே பதிந்திருக்கும். ஆதரவுக்கு அனுப்பும் அறிக்கைத் தொகுப்பில் அந்த வரியும் போகும். மறைத்த வாடிக்கையாளரின் அடுத்த பத்து டிக்கெட்டும் சந்தேகத்தோடுதான் வாசிக்கப்படும். கொம்பனி மட்டும் இப்படி என்று நினைக்கவேண்டாம். கேர்னலைக் காசு வாங்காமல் பராமரிப்பவர்களும் தங்கள் வழிகாட்டியில் இதையே கேட்கிறார்கள்: கறை படாத கேர்னலில் பழுதைக் காட்டிவிட்டு எழுதுங்கள்.

எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்குவதற்கு என்னிடம் ஒரு உதாரணம் இருக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளும் பழைய ஒஸ்டின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் பண்ண மட்டும் துளி பெற்றோல், எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய். செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். அந்த வேலை இல்லாவிட்டால் நோயாளி ஆஸ்பத்திரி போயிருக்க முடியாது. அந்த எஞ்சினில் பிளக் கரி பிடித்தாலோ, பிஸ்டன் தட்டினாலோ, அதற்காக வண்டி செய்த கொம்பனியை யாரும் திட்டவில்லை. ஆனால் அதே வண்டியின் பிரேக் கேபிள் அறுந்தால் அதற்கும் மண்ணெண்ணெய்தான் காரணம் என்று ஒரு மெக்கானிக் சொல்லியிருந்தால் அவரைக் கராஜை விட்டுத் துரத்தியிருப்பார்கள். கேர்னல் விடயத்தில் கேட்கவேண்டியதும் இதே கேள்வி. மாற்றம் இருந்ததா என்பதோடு நிற்கக் கூடாது. இந்தப் பழுது மாற்றத்திலிருந்து வந்ததா என்று கேட்கவேண்டும். அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டின் மக்னூசன்-மொஸ் சட்டம் நுகர்வோர் பொருட்களின் உத்தரவாதத்துக்கு ஏறத்தாழ இந்த நியாயத்தைத்தான் வைத்தது. வேறு ஆளின் உதிரிப்பாகம் போட்டதால் மட்டும் உத்தரவாதத்தை ரத்துச் செய்யமுடியாது, பழுது அதனால் வந்தது என்று காட்டவேண்டும். நிறுவனங்களுக்கிடையிலான மென்பொருள் ஒப்பந்தத்துக்கு அந்தச் சட்டம் வராது. அதனால் ஒப்பந்தத்தில் இந்த நியாயம் எழுதப்பட்டிருக்கிறதா என்று நாங்களே பார்க்கவேண்டியிருக்கிறது.

நிரூபிக்கும் பாரம் யார் தலையில் என்று கேட்டால், நடைமுறையில் உங்கள் தலையில். ஆனால் அது பயப்படும் அளவு பாரம் அல்ல. பல வருடங்களுக்கு முன் ஒரு அச்சகத்தின் சேர்வரில் எனக்கு இதே நிலை வந்தது. மாற்றிய கேர்னல், அடிக்கடி உறைதல், இயந்திரத்தை விற்றவர்கள் கையை விரித்துவிட்டார்கள். இரண்டு கிழமை மின்னஞ்சலில் நியாயம் கதைத்தேன், ஒன்றும் அசையவில்லை. பிறகு மூலக் கேர்னலில் பூட் செய்து அப்படியே விட்டேன். அச்சகம் மூன்று நாள் ஒரு பிரிண்டர் இல்லாமல் ஓடியது. மூன்றாம் இரவு சேர்வர் அதேபோல உறைந்தது. பதிவில் செயலியே அறிவித்த மெமரிப் பிழை இருந்தது. அந்தப் பதிவை இணைத்து நான்கு வரி எழுதினேன். மெமரி மாற்றப்பட்டது. அந்த இரண்டு கிழமையை நான் முதல் நாளே இந்தச் சோதனைக்குக் கொடுத்திருக்கவேண்டும்.

வாடிக்கையாளர் கை வைப்பதை விற்பவர் எப்படிக் கையாளலாம் என்பதற்குப் பழைய முன்மாதிரி ஒன்று இருக்கிறது. ஐபிஎம்மின் மெயின்ஃபிரேம் என்ற பெருங்கணினி உலகில் அந்தக் காலத்து வாடிக்கையாளர்கள் இயக்க முறைமையின் மூலநிரலையே வைத்திருந்து தங்களுக்கு வேண்டியபடி திருத்தினார்கள். ஐபிஎம் அதற்கென்று ஒரு முறையையே கட்டியது. எஸ்எம்பி என்ற நிறுவல் கருவியில் கொம்பனி தரும் திருத்தத்துக்கு ஒரு வகை, வாடிக்கையாளர் தாமே செய்யும் திருத்தத்துக்கு "யூசர்மொட்" என்று இன்னொரு வகை. ஒரு பாகத்தில் யூசர்மொட் இருந்தால் கருவி அதைப் பதிந்து வைத்திருக்கும். பிறகு கொம்பனியின் திருத்தம் அதே பாகத்தில் விழப்போனால், "இங்கே வாடிக்கையாளரின் கை இருக்கிறது" என்று எச்சரிக்கும். எது யாருடையது என்ற சண்டைக்கே இடமில்லை, ஏட்டில் இருக்கிறது. 1983 இல் ஐபிஎம் இனிப் பைனரி மட்டும்தான் என்று அறிவித்தபோது வாடிக்கையாளர்கள் கொதித்ததில் எனக்கு வியப்பில்லை. யூசர்மொட் என்ற வகை அதற்குப் பிறகும் தொடர்ந்து இருக்கிறது. மைக்ரோசொப்ட் எதிர்த் திசையில் போனது. 2005 இலிருந்து 64 பிட் விண்டோஸில், கேர்னலின் முக்கிய அமைப்புகளை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று தானே சோதித்து, மாற்றியிருந்தால் இயந்திரத்தை நிறுத்திவிடும் பாதுகாப்பைக் கொண்டுவந்தது. ஆதரவு தருபவருக்கு அது நிம்மதி. ஆனால் பழைய சீரியல் கார்ட்டோடு நிற்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு எந்த வழியும் விடாத நிம்மதி அது. இரண்டில் எனக்கு ஐபிஎம்மின் ஏடுதான் பிடிக்கும்.

இனி நட்டத்துக்கு வருவோம். 2024 ஜூலை 19 ஆம் திகதி நடந்ததை நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கொம்பனி அனுப்பிய ஒரு புதுப்பிப்புக் கோப்பை, விண்டோஸ் கேர்னலுக்குள் ஓடிய அதன் ட்ரைவர் வாசித்துத் தடுக்கியது. மைக்ரோசொப்டின் கணக்கில் 85 இலட்சம் இயந்திரங்கள் விழுந்தன, விமானங்கள் நின்றன. வாடிக்கையாளர் எவரும் கேர்னலைத் தொடவில்லை. காசு கட்டி, சொன்னபடி நிறுவியவர்கள் அவர்கள். டெல்டா விமானக் கொம்பனி தன் நட்டம் சுமார் 50 கோடி டொலர் என்றது. ஒப்பந்தப்படி எங்கள் பொறுப்பு ஒற்றை இலக்க மில்லியன் டொலருக்குள் வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று கிரவுட்ஸ்ட்ரைக்கின் சட்டத்தரணிகள் பதில் எழுதினார்கள். வழக்கு ஜோர்ஜியாவில் தாக்கலாகி, பாரிய அலட்சியம் என்ற குற்றச்சாட்டைத் தொடர்ந்து நடத்த 2025 இல் நீதிமன்றம் அனுமதித்தது. ஒரு தவறும் செய்யாத அவ்வளவு பெரிய வாடிக்கையாளரே இப்படிப் போராடவேண்டியிருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். பொறுப்பின் உச்சவரம்பு கட்டிய சந்தாவை ஒட்டிய ஒரு தொகையாக இருக்கும், தரவு இழப்பும் இலாப இழப்பும் தனியாக விலக்கப்பட்டிருக்கும். இந்தத் துறையின் வழமை அது.

நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளைக் கட்டுப்படுத்த இலங்கையில் 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆகவே தாளில் எழுதிய விலக்கெல்லாம் அப்படியே நிற்கும் என்று இல்லை. ஆனால் அதற்கு முன், உங்கள் ஒப்பந்தத்தில் மறுபக்கம் கையெழுத்து வைத்தவர் யார் என்று பாருங்கள். கொழும்பில் இருக்கும் முகவரா, வெளிநாட்டுக் கொம்பனியா? எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று எழுதியிருக்கிறது? முகவரிடம் வாங்கியிருந்தால் முதல்வரிசை ஆதரவு அவருடைய கடமையாக இருக்கலாம். டிக்கெட்டை மூடியது அவரா, தாய்க் கொம்பனியா என்பதும் முக்கியம். தொகை பெரிதென்றால் இதை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள், என் பதிலோடு நிறுத்தவேண்டாம்.

இந்த இடத்தில் இங்கே கருவிகள் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்ப நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஆம் ஆண்டுப் பொருட் பொறுப்புப் பணிப்புரை மென்பொருளையும் பொருளாகவே எடுக்கிறது. உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 9 ஆம் திகதிக்குள் அதைத் தங்கள் சட்டத்தில் சேர்க்கவேண்டும். தயாரித்தவரின் கட்டுப்பாட்டுக்கு வெளியே ஒரு பொருளைக் கணிசமாக மாற்றிச் சந்தைக்கு விடுபவர், சட்டத்தின் கண்ணில் அவரே தயாரிப்பாளர். வேறொருவரின் பலகையில் கேர்னலைத் திருத்தி உங்கள் பெயரில் விற்றால், பழுதின் பொறுப்பும் உங்கள் பெயருக்கு வரும்.

உங்கள் சங்கத்துக்குள் இருக்கும் பொறுப்பு எனக்கு இதையெல்லாம்விடக் கவலை தருகிறது. அந்த லெட்ஜரில் இருப்பது தோட்டக்காரரும் மீன்பிடிக்காரரும் ஆசிரியர்களும் சேமித்த காசு. கேர்னலை மாற்றும் முடிவை நீங்கள் தனியாக ஒரு இரவில் எடுத்திருக்கிறீர்கள் என்று உங்கள் எழுத்திலிருந்து விளங்குகிறது. திறமையில் குறை இல்லை. ஆனால் அந்த முடிவோடு ஆதரவு ஒப்பந்தத்தின் பாதியை நீங்கள் கைவிட்டீர்கள், அது பணிப்பாளர் சபைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், சில ஆயிரம் ரூபாவுக்கு வேறு கார்ட் வாங்கச் சொல்லியிருக்கலாம். அல்லது தெரிந்தே சம்மதித்திருக்கலாம், அப்போது சுமை உங்கள் ஒருவர் தோளில் இருக்காது. அடுத்த கூட்டத்தில் என்ன மாற்றினீர்கள், ஏன், அதனால் எது போயிற்று என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களையும் அதில் எழுதுங்கள். நீங்கள் கட்டிய கேர்னலுக்குக் கொம்பனியின் திருத்தங்கள் வராது. 2016 இல் வெளிவந்த "டேர்ட்டி கவ்" ஓட்டை கேர்னலில் 2007 இலிருந்து இருந்தது. கொம்பனிக் கேர்னல் வைத்திருந்தவர்கள் ஒரு கட்டளையில் அடைத்தார்கள், சொந்தமாகக் கட்டியவர்கள் தாங்களே திரும்பக் கட்டவேண்டியிருந்தது. அப்படி ஒரு ஓட்டையால் யாராவது உள்ளே வந்தால் அந்தப் பிழையை வேறு யாரிடமும் கொடுக்கமுடியாது.

இனிச் செய்யவேண்டியது. பழுதான லெட்ஜர் கோப்பைத் திருத்த முயலமுதல் முழு டிஸ்கையும் வேறொன்றில் பிரதி எடுங்கள். திருத்தும் கருவிகள் இருப்பதையும் அழித்துவிடும். உறைந்த இரவுகளின் நேரத்தை எழுதிப் பாருங்கள். பக்கப் ஓடும் நேரத்தோடு பொருந்தினால் பழுது டிஸ்க் பக்கம் இருக்கலாம். பிறகு கே-டம்பைப் போட்டுவைத்து, கொம்பனியின் கேர்னலில் பூட் செய்யுங்கள். பூட் பட்டியலில் அது இன்னும் இருக்கும், இல்லாவிட்டால் திரும்ப நிறுவலாம். பிரிண்டர்களை அந்த நாட்களுக்கு வேறு இயந்திரத்துக்கு மாற்றுங்கள்.

இந்தத் தற்காலிக ஏற்பாட்டையே நிரந்தரமாக்கலாம் என்பது என் எண்ணம். லெட்ஜர் இருக்கும் சேர்வரில் பாஸ் புத்தகப் பிரிண்டருக்காகக் கேர்னலை மாற்றவேண்டிய தேவையே இல்லை. சீரியல் போர்ட்களை வலையமைப்புக்குக் கொண்டுவரும் சின்னப் பெட்டிகள் விற்கிறார்கள். அது வேண்டாமென்றால் ஒரு பழைய கணினியில் அந்தக் கார்ட்டையும் உங்கள் பட்சையும் போட்டு, பிரிண்ட் வேலையை வலையமைப்பில் அதற்கு அனுப்புங்கள். அது உறைந்தால் பாஸ் புத்தகம் பத்து நிமிடம் பிந்தும், லெட்ஜர் தப்பும். இன்னொன்றையும் பாருங்கள். பதிப்பு மாறும்போது பழைய கார்ட்களின் அடையாள எண்களை ட்ரைவரிலிருந்து எடுத்துவிடும் வழக்கம் உண்டு. உங்கள் பட்ச் செய்வது அந்த எண்ணைத் திரும்பச் சேர்ப்பது மட்டும்தான் என்றால் கம்பைலே தேவையில்லை. ஓடும் கேர்னலிலேயே சிஸ் கோப்புறையில் அந்த ட்ரைவரின் நியூ-ஐடி என்ற கோப்பில் எண்ணை எழுதினால் அநேகமாக வேலை முடிந்துவிடும். அந்தக் கார்ட்டுக்கு ஆதரவு கிடைக்காது, ஆனால் கேர்னல் அவர்களுடையதாகவே இருக்கும்.

மூலக் கேர்னலிலும் சேர்வர் உறைந்தால், அன்றே எழுதுங்கள். கேர்னலின் பதிப்பு வரி, கறை எண், கே-டம்ப் கோப்பு, உறைந்த நேரம் நான்கையும் இணையுங்கள். முன்னர் மாற்றிய கேர்னல் ஓடியது, இத்தனையாம் திகதி அகற்றினோம், அதற்குப் பிறகும் அதே பழுது என்று மறைக்காமல் ஒரு வரி எழுதுங்கள். உறையாவிட்டால் பழுது பட்சில் இருந்தது என்று எடுத்துக்கொண்டு, அதை எழுதியவருக்கு உங்கள் பதிவுகளை அனுப்புங்கள், அவருக்கு அது பெரிய உதவி. கொம்பனிக்குப் புதிய டிக்கெட் திறக்காமல் மூடிய பழைய எண்ணையே திறக்கச் சொல்லுங்கள். முதல் முறைப்பாட்டின் திகதி அதில்தான் இருக்கிறது.